சான்றிதழில் என்ன அச்சாகும் என்று கேட்டீர்களா?

பினாங்கு தண்ணீர்மலையில் தைப்பூசக் கூட்டம் கலைந்து தண்ணீர்ப் பந்தல்களைப் பிரிக்கும் வாரத்தில்தான் பிள்ளைகள் கோப்போடு என்னைத் தேடி வரத் தொடங்குவார்கள். பொருளாதாரத்தில் இரட்டை முதுகலை, முதலாண்டு ஒரு நாட்டில், மறு ஆண்டு இன்னொரு நாட்டில், முடித்தால் இரண்டு பட்டம் என்று வழவழப்பான தாளில் அச்சிட்டிருக்கும். கூடவே அம்மாவோ அப்பாவோ வந்திருப்பார்கள். "ஐயா, முன்பணம் கட்டிட்டோம். இது நல்ல படிப்பான்னு பார்த்துச் சொல்லுங்க" என்பார்கள். கட்டுவதற்கு முன் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. ஆண்டுதோறும் இதே தவறைத்தான் பார்க்கிறேன்.

இரட்டை முதுகலை என்றாலே ஏமாற்று என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பாரிஸ் 1 சொர்போன், பார்சலோனா தன்னாட்சிப் பல்கலைக்கழகம், வெனிஸின் கா ஃபோஸ்கரி, ஜெர்மனியின் பீலெஃபெல்ட் ஆகியவை சேர்ந்து நடத்திய அளவைசார் பொருளாதார முதுகலை உலகம் மதிக்கும் படிப்பு. அது ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்முஸ் முண்டுஸ் திட்டத்தில் வந்தது. அத்திட்டத்தில் முழு உதவித்தொகை கிடைத்தால் மாதம் 1,400 யூரோ, அதிகபட்சம் 24 மாதம் தருகிறார்கள். படிப்புக் கட்டணமும் கிடையாது. நம் பிள்ளைகளும் விண்ணப்பிக்கலாம். பல்கலைக்கழகக் கூட்டமைப்புக்கு நேரடியாக அனுப்ப வேண்டும், நடுவில் ஏஜெண்ட் தேவையே இல்லை. ஆனால் பெரும்பாலான படிப்புகளுக்கு அக்டோபரிலிருந்து ஜனவரிக்குள் விண்ணப்பம் முடிந்துவிடும். தீபாவளி நேரத்தில் எழுத உட்கார வேண்டியவர்கள் தைப்பூசம் கழித்து எழுந்தால், மிஞ்சுவது முழுக் கட்டணம் கேட்கும் இடங்கள்தான். ஏஜெண்டும் அங்கேதான் காத்திருக்கிறார்.

முதல் வேலை, சான்றிதழில் அச்சாகப்போகும் வார்த்தைகளைக் கேட்டு வாங்குவது. விளம்பரத்தில் 'மாஸ்டர்' என்று இருப்பது போதாது. ஸ்பெயினில் 'மாஸ்டர் உனிவெர்சித்தாரியோ' என்றால் அரசு அங்கீகரித்த முதுகலை. 'தீத்துலோ புரோப்பியோ' என்றால் அந்தப் பல்கலைக்கழகம் தன் பெயரில் மட்டும் தரும் சான்று. இத்தாலியில் முதுகலைப் பட்டத்தின் பெயர் 'லாவ்ரேயா மஜிஸ்திராலே', இரண்டாண்டு, 120 கிரெடிட். அதே நாட்டில் 'மாஸ்டர்' என்ற பெயரோடு ஓராண்டில் 60 கிரெடிட்டுக்கு நடப்பது வேறு. பெயரில் மாஸ்டர் இருந்தும் அது முதுகலைப் பட்டம் ஆகாது. பிரான்சிலும் தேசியப் பட்டம் ஒன்று, அந்தந்த நிறுவனத்தின் சொந்தச் சான்று ஒன்று என இரண்டு வகை உண்டு. 'இரண்டு பட்டம்' என்ற விளம்பரத்தில் ஒன்று தேசியப் பட்டமாகவும் மற்றது வெறும் சொந்தச் சான்றாகவும் இருக்கலாம். கூட்டுப் பட்டம் என்றால் எல்லாப் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து தரும் ஒரே தாள். இரட்டைப் பட்டம் என்றால் தனித்தனித் தாள். இதையும் கேளுங்கள்.

ஏஜெண்டிடம் அல்ல, பல்கலைக்கழகப் பதிவாளருக்கு மின்னஞ்சலில் கேளுங்கள். பட்டத்தின் பெயர் அந்நாட்டு மொழியில் என்ன, வழங்குவது யார், மொத்தம் எத்தனை கிரெடிட், அதில் எத்தனை இரண்டு இடத்திலும் பொதுவாகக் கணக்கிடப்படும்? இந்த நான்கு கேள்வி போதும். பதிலை அச்செடுத்துக் கோப்பில் வையுங்கள். பதில் வரும்வரை ஒரு வெள்ளிகூடக் கட்டாதீர்கள்.

அந்தப் பதில் கைக்கு வந்ததும் எம்.கியூ.ஏ.வுக்குப் போங்கள். 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த மலேசியத் தகுதி நிர்ணய நிறுவனம் அது, சைபர்ஜெயாவில் இருக்கிறது. அதன் இணையதளத்தில் இரண்டு பட்டியல்களைப் பார்க்க வேண்டும். எம்.கியூ.ஆர். என்பது உள்நாட்டில் முழுத் தரச்சான்று பெற்ற படிப்புகளின் பதிவேடு. இ-சிஸ்ராஃப் என்பது அரசுப் பணிக்கு ஏற்ற தகுதிகளின் பட்டியல். வெளிநாட்டுப் பட்டங்களை அதில் தேடுங்கள். பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்தால் மட்டும் போதாது, பட்டத்தின் பெயரும் பொருந்த வேண்டும். இல்லையென்றால் எம்.கியூ.ஏ.வுக்கே எழுதி எழுத்தில் பதில் வாங்குங்கள். தொலைபேசியில் யாரோ "பரவாயில்லை, போகலாம்" என்று சொன்னதை நம்பிப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். திரும்பி வந்தபின் ஒரு கவுண்டர் இன்னொரு கவுண்டரைக் கை காட்டும். சொன்னவர் பெயர் யாருக்கும் தெரியாது. விவரத்தைத் தமிழில் ஒரு பக்கமாக அச்சிட்டுப் பள்ளிகளுக்குக் கொடுக்கக்கூடவா இத்தனை ஆண்டு ஒருவருக்கும் தோன்றவில்லை?

உள்ளூர்த் தனியார் கல்லூரி வழியாக இரட்டைப் பட்டம் படிப்பவர்கள் தரச்சான்று எண்ணைப் பாருங்கள். அதில் பி.ஏ. (PA) என்ற எழுத்துகள் இருந்தால் தற்காலிகத் தரச்சான்று, எஃப்.ஏ. (FA) என்றால் முழுத் தரச்சான்று. தற்காலிகத்தில் இருக்கும் படிப்பு எம்.கியூ.ஆர். பதிவேட்டில் வராது. விளம்பரத்தில் இருப்பது எந்த எண் என்று படித்துப் பார்த்த பெற்றோரை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

இனி, நம்மவர்களை மட்டுமே படுத்தும் சங்கதி: பெயர். அடையாள அட்டையில் மகனுக்கு அ/லெ, மகளுக்கு அ/பெ என்று இருக்கும், கடப்பிதழிலும் அப்படியே வரும். பல ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களின் கணினி அந்தச் சாய்கோட்டை ஏற்காது. ஓரிடத்தில் அப்பா பெயரைக் குடும்பப் பெயராக்கும், மற்ற இடத்தில் 'ஏ எல்' என்று நடுப்பெயர் போடும். இரண்டு பட்டத்தில் இரண்டு பெயர்! ஆயர் ஈத்தாமிலிருந்து வந்த ஒரு பெண், இரண்டு தாளும் தன்னுடையவைதான் என்று நிரூபிக்க மாதக்கணக்கில் அலைந்தார். பதிவு செய்யும் முதல் நாளே கடப்பிதழ்ப் பக்கத்தைக் கொடுத்து, இப்படியே சான்றிதழில் வர வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். தவறிப்போனால் திருத்தித் தரும்படி பல்கலைக்கழகத்திடம் முதலில் கேளுங்கள். அதுவும் முடியாவிட்டால், 1960-ஆம் ஆண்டுச் சத்தியப் பிரமாணச் சட்டத்தின்படி சத்தியப் பிரமாண ஆணையர் (பெசுருஜயா சும்பா) முன்னிலையில், இந்த இரண்டு பெயரும் ஒருவரே என்று அடையாள அட்டை எண்ணோடு பிரமாணம் செய்து வையுங்கள்.

இரண்டாம் நாட்டு விசாவையும் மறக்காதீர்கள். இரு நாட்டிலும் படிக்க ஏற்பாடு உள்ள படிப்பென்றால், ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி முதல் நாட்டு மாணவர் அனுமதியோடு இரண்டாம் நாட்டில் 360 நாள் வரை படிக்கலாம், முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். டென்மார்க்கும் அயர்லாந்தும் இந்த விதியில் இல்லை. பிரிட்டன் ஒன்றியத்திலேயே இல்லை. அங்கெல்லாம் தனி விசா.

பணத்துக்கு ஊழியர் சேமநிதியைத் தொடுகிறவர்கள் கவனியுங்கள். 2024 மே 11 முதல் கணக்கு மூன்றாகப் பிரிந்துவிட்டது. கல்விக்கென உள்ள திட்டத்தில் தொகையை அவற்றில் ஒன்றான செஜாத்ரா கணக்கிலிருந்துதான் எடுக்க முடியும். அப்பாவின் ஓய்வுக்காலப் பணம் அது. பதிவாளரின் பதிலும் எம்.கியூ.ஏ. பதிலும் கையில் இல்லாமல் அதைத் தொடாதீர்கள். மறுபடியும் சொல்கிறேன், இரண்டும் எழுத்தில் இருக்க வேண்டும்.

ஏற்கெனவே ஏமாந்தவர்களுக்கும் வழி இருக்கிறது. 'கட்டியது போகட்டும்' என்று விட்டுவிடுவதுதான் நம் பெரிய குறை. இங்குள்ள ஏஜெண்ட் சொன்னதைச் செய்யவில்லையென்றால் மலேசியப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் வழக்குப் போடலாம். போராங் 1 பாரத்தை நிரப்பி 5 வெள்ளி கட்ட வேண்டும். 50,000 வெள்ளி வரை கேட்கலாம். வழக்கறிஞர் வைக்கத் தேவையில்லை. எதிராளியும் வைக்க முடியாது. தீர்ப்பை 14 நாளில் நிறைவேற்றாவிட்டால் அது குற்றம். ரசீது, விளம்பரத் தாள், வாட்ஸ்அப் உரையாடல் எல்லாவற்றையும் தேதி வரிசையில் அச்செடுத்து இணையுங்கள். வாயால் சொன்ன வாக்குறுதியை இன்றே ஒரு செய்தியாக அனுப்பி, "நீங்கள் இப்படித்தானே சொன்னீர்கள்?" என்று கேட்டு வையுங்கள். பாரம் நிரப்பக் கை நடுங்கினால் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்துக்குப் போங்கள், தமிழிலேயே பேசலாம்.

மூன்றாண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். முன்பண ரசீதை எடுத்துத் தேதியைப் பாருங்கள். கெடு இன்னும் மிச்சமிருந்தால் இந்த வாரமே போராங் 1-ஐ நிரப்புங்கள்.