தூங்கிய லேப்டாப் ஏன் எழ மறுக்கிறது?

கணினிக்குப் புதிதாகத் தொடங்குவது எளிது. தூங்கி எழுவதுதான் கடினம். பவர் பட்டனை அழுத்தித் தொடங்கும்போது எல்லாப் பாகங்களும் வெற்று நிலையிலிருந்து ஆரம்பிக்கின்றன. தூக்கத்திலிருந்து எழும்போது அப்படியில்லை. பாதியில் நின்ற கடிதம், திறந்து கிடந்த இணையப் பக்கங்கள் என எல்லாம் விட்ட இடத்தில் விட்டபடியே திரும்ப வேண்டும். ஒரு பாகம் தடுமாறினாலும் மொத்தக் கணினியும் உறைந்துபோகலாம். நீலத்திரை காட்டி, தானே மறுபடி தொடங்கிவிடலாம். ‘ஃபார்மட் அடிச்சிடலாம்’ என்று யாராவது சொன்னால் அவசரப்பட்டுத் தலையாட்ட வேண்டாம். பெரும்பாலும் ஒரே ஒரு டிரைவர்தான், அதாவது ஒரு சாதனத்தை இயக்கும் மென்பொருள்தான், காரணமாக இருக்கும். அதை வீட்டிலேயே தேடிப் பிடிக்கலாம்.

முதலில், உங்கள் லேப்டாப் எந்தத் தூக்கம் தூங்குகிறது என்று தெரிய வேண்டும். இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூன்றும் சேர்ந்து 1996-இல் வெளியிட்ட ஏசிபிஐ நெறிமுறை இந்த நிலைகளுக்கு எண் கொடுத்தது. எஸ்3 என்பது வழக்கமான ஸ்லீப்: புராசசர் அணைந்துவிடும், ராமுக்கு மட்டும் மின்சாரம் போய்க்கொண்டிருக்கும். ராமில் உள்ள மின்னூட்டம் ஓட்டைக் குடத்துத் தண்ணீர் மாதிரி ஓயாமல் கசியும். வழக்கமாக 64 மில்லிசெகண்டுக்குள் ஒருமுறை அதை நிரப்பியாக வேண்டும். தூக்கத்தில் அந்த வேலையை ராம் சில்லுகளே பார்த்துக்கொள்கின்றன. தூங்கும் லேப்டாப்பிலும் பேட்டரி மெல்ல இறங்குவதற்கு இது ஒரு காரணம். எஸ்4 என்பது ஹைபர்நேட்: ராமில் இருப்பதை டிஸ்க்கில் ஒரு கோப்பாக எழுதிவிட்டுக் கணினி அணைந்துவிடும். புதிய லேப்டாப்புகள் பலவற்றில் எஸ்3 கிடையாது, மாடர்ன் ஸ்டாண்ட்பைதான். அதில் திரை அணைந்திருந்தாலும் கணினி மிகக் குறைந்த மின்சாரத்தில் விழித்தபடியே இருக்கும். பைக்குள் வைத்த லேப்டாப் சில நேரம் சுடச்சுட வெளியே வருவது இதனால்தான். கமாண்ட் ப்ராம்ப்ட்டில் ‘பவர்சிஎஃப்ஜி /ஏ’ என்று கொடுத்தால் உங்கள் கணினிக்கு எந்தெந்தத் தூக்கம் உண்டு என்று விண்டோஸே சொல்லிவிடும்.

மூடியைத் திறந்ததும் உள்ளே நடப்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். எஸ்3 தூக்கமாக இருந்தால், முதலில் பயாஸ் எழுந்து ராமைத் தட்டியெழுப்பி, விண்டோஸிடம் பொறுப்பை ஒப்படைக்கிறது. விண்டோஸ் ஒவ்வொரு டிரைவருக்கும் ‘உன் சாதனத்தை எழுப்பு’ என்று கட்டளை அனுப்புகிறது. கிராஃபிக்ஸ், வைஃபை, யுஎஸ்பி என்று மின்சாரம் துண்டிக்கப்பட்டிருந்த சாதனங்களுக்குப் பழைய அமைப்புகள் எதுவும் நினைவிருக்காது. டிரைவர்தான் அவற்றை ஒவ்வொன்றாக மீண்டும் எழுதித் தர வேண்டும். ஒரு டிரைவர் அந்தக் கட்டளையை முடிக்காமல் நெடுநேரம் பிடித்து வைத்துக்கொண்டால் வருவதுதான் ‘டிரைவர் பவர் ஸ்டேட் ஃபெயிலியர்’ என்ற நீலத்திரை.

திரை கறுப்பாகவே நின்றால் உடனே பவர் பட்டனை அமுக்கிப் பிடிக்காதீர்கள். கேப்ஸ் லாக் விளக்கு இருந்தால் அந்த விசையைத் தட்டிப் பாருங்கள். விளக்கு மாறி மாறி எரிந்தால் கணினி உயிரோடுதான் இருக்கிறது, படம் மட்டும் வரவில்லை என்று கொள்ளலாம். விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) நான்கையும் சேர்த்து அழுத்தினால் கிராஃபிக்ஸ் டிரைவர் புதிதாகத் தொடங்கும். சில நேரம் அதிலேயே படம் வந்து, எழுதிக்கொண்டிருந்ததும் பிழைத்துவிடும்.

விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவன்ட் வியூவரில் ‘கெர்னல்-பவர் 41’ என்ற பதிவைப் பார்த்துப் பலர் சார்ஜரையோ மதர்போர்டையோ சந்தேகிக்கிறார்கள். கணினி முறையாக அணைக்கப்படாமல் மறுபடி தொடங்கியது என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை. நீலத்திரை வந்திருந்தால் விண்டோஸ் ஃபோல்டருக்குள் ‘மினிடம்ப்’ என்ற இடத்தில் விழும் கோப்புதான் பயனுள்ள சாட்சி. சிக்கிய டிரைவரின் பெயர் பெரும்பாலும் அதில் இருக்கும்.

யுஎஸ்பியில் செருகியதையெல்லாம் கழற்றிவிட்டு ஒருமுறை தூங்கவைத்து எழுப்பிப் பாருங்கள். சரியாக எழுந்தால் ஒவ்வொன்றாகத் திரும்பச் செருகி, எதில் கோளாறு என்று பிடிக்கலாம். பிறகு கிராஃபிக்ஸ், சிப்செட், வைஃபை டிரைவர்களை, உங்கள் மாடலுக்கென்று தயாரிப்பாளர் வெளியிட்டதையே எடுத்துப் போடுங்கள். பயாஸ் புதுப்பிப்பும் இந்தக் கோளாறைத் தீர்ப்பதுண்டு. அது முடியும்வரை சார்ஜரைக் கழற்றக் கூடாது. நான்கு மாற்றத்தை ஒரே மூச்சில் செய்தால் எது குணமாக்கியது என்றே தெரியாமல் போகும்.

ஹைபர்நேட்டிலிருந்து எழும்போது மட்டும் சிக்கல் என்றால், டிஸ்க்கில் எழுதிய அந்தக் கோப்பைச் சந்தேகிக்கலாம். நிர்வாகி உரிமையோடு ‘பவர்சிஎஃப்ஜி /எச் ஆஃப்’ கொடுத்தால் கோப்பு அழியும். ‘ஆஃப்’ இடத்தில் ‘ஆன்’ கொடுத்தால் புதிதாக உருவாகும். விண்டோஸ் 8 முதல் வந்த ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பும் இதே கோப்பைத்தான் பயன்படுத்துகிறது. அது இயங்கும் கணினியில் ‘ஷட் டவுன்’ முழு ஓய்வல்ல, ‘ரீஸ்டார்ட்’தான் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கும். ஒரே லேப்டாப்பில் லினக்ஸும் வைத்திருப்பவர்கள் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்துவிடுவது நல்லது. பாதித் தூக்கத்தில் கிடக்கும் விண்டோஸின் டிஸ்க்கில் லினக்ஸ் எழுதினால் கோப்புகள் கெட்டுப்போக வாய்ப்புண்டு.

இத்தனைக்குப் பிறகும் தீரவில்லை, தூங்காமல் வேலை செய்யும்போதும் உறைகிறது என்றால் ராமைச் சோதிக்க வேண்டும். அதற்கான மெமரி டயக்னாஸ்டிக் கருவி விண்டோஸிலேயே இருக்கிறது. அதிலும் ஒன்றும் பிடிபடாவிட்டால் கடைக்குக் கொண்டு போகலாம். முக்கியமான கோப்புகளைப் பிரதி எடுத்துக்கொண்டு, மினிடம்ப் ஃபோல்டரையும் பென் டிரைவில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.