தனித்து நிற்க முடியாத தேர்தல்

"சுவாமி, ஆர் ஆருக்கோ வாக்குப் போட்டுக் களைச்சுப் போனம். எங்களிலை ஒருத்தர் பிரதேச சபைக்கு நிண்டால் என்ன?"

கமக்காரர் கூட்டம் முடிந்து பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்த வேளையில், ஐயா ஒருவர் எம்மிடம் இப்படிக் கேட்டார். சிலர் சிரித்தார்கள். நாம் சிரிக்கவில்லை. இது நியாயமான கேள்வி. ஆனால் இதற்கான ஆயத்தம் சுவரொட்டி ஒட்டும் நாளில் தொடங்குவதல்ல.

முதலில், பிரதேச சபையால் என்ன செய்ய முடியும் என்பதை அறிவோம். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் பொதுச் சுகாதாரம், உள்ளூர் வீதிகள், பொது வசதிகள் ஆகியவற்றைச் சபையிடம் ஒப்படைத்துள்ளது. சந்தை, வடிகால், நூலகம், மயானம், கழிவகற்றல் என்பன இதில் அடங்கும். காணி விடுவிப்பு சபையின் கையில் இல்லை. சிறு குளங்களைக் கமநல அபிவிருத்தித் திணைக்களமே பார்க்கிறது. "என்னைத் தெரிவுசெய்தால் உங்கள் காணியை மீட்டுத் தருவேன்" என்று வேட்பாளர் சொன்னால், அவர் சட்டத்தை அறியாதவர். அல்லது அறிந்தே பொய் சொல்பவர். காணிக்காகக் குரல் கொடுப்பேன், விளைபொருள் சந்தைக்குப் போகும் பாதையைத் திருத்த உழைப்பேன் என்பவரே நேர்மையானவர்.

இரண்டாவது, இத்தேர்தலில் எவரும் தனியாளாக நிற்க முடியாது. கட்சி ஒன்றில், அல்லது சுயேச்சைக் குழு ஒன்றில் சேர்ந்தே வேட்புமனுக் கொடுக்கலாம். 2018 பெப்ரவரி 10இல் நடந்த தேர்தல் முதல் புதிய கலப்பு முறை நடைமுறையில் உள்ளது. உறுப்பினர்களில் 60 சதவீதத்தினர் வட்டாரங்களிலிருந்தும், 40 சதவீதத்தினர் பட்டியலிலிருந்தும் தெரிவாகின்றனர். வாக்காளர் கட்சிக்கோ குழுவுக்கோ ஒரு புள்ளடி மட்டுமே இடுகிறார். ஆகவே குழுவுக்கு எல்லா வட்டாரங்களிலும் ஆட்கள் வேண்டும்.

இங்கேதான் எமக்கு ஒரு சோதனை உண்டு. முகாமில் இருந்தவர்களும், மீளக் குடியேறியவர்களும், ஊரை விட்டு வெளியேறாதவர்களும் ஒரே சபை எல்லைக்குள் வாழ்கிறோம். தண்ணீருக்கும் நிவாரணத்துக்கும் முரண்பட்ட நாட்களை மறந்துவிடவில்லை. "வந்தேறிகள்" என்ற சொல்லையும் கேட்டிருக்கிறோம். ஆயினும், அடுத்த வட்டாரத்தாரோடு ஒரே பாயில் இருந்து பேசாமல் ஒரு பட்டியலை நிரப்ப முடியாது. இதை நாம் ஒரு வாய்ப்பாகவே காண்கிறோம்.

மூன்றாவது, பத்திரங்கள். போட்டியிட விரும்புபவரின் பெயர் அந்தச் சபை எல்லைக்குரிய வாக்காளர் இடாப்பில் இருக்கிறதா? பலருடைய பதிவு இன்னும் வேறிடத்தில் இருக்கலாம். கிராம அலுவலரிடம் இன்றே விசாரியுங்கள். இடப்பெயர்வில் தொலைந்த பிறப்புச் சான்றிதழின் பிரதியையும் இப்போதே பெற்றுக்கொள்ளுங்கள். 2025ஆம் ஆண்டுத் தேர்தலில் பல வேட்புமனுக்கள் நிராகரிக்கப்பட்டன. இளம் வேட்பாளர்களின் பிறப்புச் சான்றிதழ் உரிய முறையில் இணைக்கப்படாமை ஒரு காரணம். சில குழுக்கள் நீதிமன்றம் சென்றே தமது மனுவை மீட்டன.

நான்காவது, பணம். அத்தேர்தலில் சுயேச்சைக் குழுவின் கட்டுப்பணம் வேட்பாளர் ஒருவருக்கு 5,000 ரூபா. கட்சிக்கு 1,500 ரூபா. முப்பது பேர் கொண்ட குழுவுக்கு ஒன்றரை இலட்சம் ஆகும். ஒரே முதலாளி இதைக் கட்டினால், சபையில் பேசப்போவது அவருடைய வாய். இருநூறு குடும்பங்கள் 750 ரூபா வீதம் சேர்த்தால், பேசப்போவது ஊரின் வாய். 2023ஆம் ஆண்டின் தேர்தல் செலவினச் சட்டப்படி, முடிவு வெளியாகி 21 நாட்களுக்குள் வரவு செலவுக் கணக்கைச் சமர்ப்பிக்க வேண்டும். முதல் நாளிலிருந்தே கொப்பியில் எழுதி வையுங்கள்.

பெண்களை மறக்கலாகாது. உள்ளூராட்சிச் சபைகளில் முன்னர் ஏறக்குறைய 2 சதவீதமாக இருந்த பெண்கள், 25 சதவீத ஒதுக்கீட்டுச் சட்டத்தின் பின் 2018இல் நாடளாவிய ரீதியில் ஆயிரத்துக்கும் அதிகமாகச் சபைகளுக்குள் சென்றனர். கணவரை இழந்தும் தோட்டத்தையும் பிள்ளைகளையும் காத்த எமது சகோதரிகளுக்கு, பட்டியலை நிரப்பும் பெயராக அன்றி, வட்டார வேட்பாளராக இடம் கொடுங்கள்.

பிரசாரம் என்பது ஒலிபெருக்கி மட்டுமல்ல. மாலையில் இருவர் இருவராக வீடு வீடாகச் செல்லுங்கள். முதலில் கேளுங்கள், பிறகு பேசுங்கள். ஒவ்வொரு வீட்டின் குறையையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்பே உங்கள் தேர்தல் அறிக்கை. சாராயமோ சாமானோ கொடுத்து வாக்குக் கேட்பது சட்டப்படி குற்றம், ஊருக்கும் அவமானம்.

பொறுமையும் தேவை. 2023 மார்ச் 9இல் நடக்கவிருந்த தேர்தல் பணமில்லை என்ற காரணத்தால் பிற்போடப்பட்டது. அது மக்களின் அடிப்படை உரிமையை மீறிய செயல் என உயர் நீதிமன்றம் 2024 ஓகஸ்டில் தீர்ப்பளித்தது. தேர்தல் 2025 மே 6இல்தான் நடந்தது. அன்று மனுக் கொடுத்தவர்கள் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது.

உங்கள் அடுத்த கூட்டத்தில் இவற்றைச் சிந்தியுங்கள்: எமது பெயர்கள் எந்த இடாப்பில் உள்ளன? அடுத்த வட்டாரத்தில் யாரோடு பேசலாம்? யார் வெல்வார் என்பதை அதன் பின் பார்ப்போம்.

அந்த ஐயாவுக்கு நாம் சொன்ன பதிலும் இதுவே: "நில்லுங்கோ ஐயா. ஆனால் தனிய நிக்காதேங்கோ."