வேஷம் பெரிதா, ஆள் பெரிதா?

இங்கிலீஷ் சினிமாவில் 1962-ஆம் வருஷம் முதல் ஒரு வேவுகாரர் வாழ்ந்து வருகிறார். அவருக்குத் தலை நரைப்பதில்லை, கால் தள்ளாடுவதில்லை. பெயர் ஜேம்ஸ் பாண்ட். இலாகா எண் 007. 2021-இல் வெளியான படத்தோடு வரிசையில் 25 படங்கள் பூர்த்தியாயின. அந்த இருபத்தைந்தாம் படத்தின் முடிவில் மனிதர் இறந்தே போகிறார். ஆனால் படம் முற்றிலும் ஓடி முடிந்ததும், 'ஜேம்ஸ் பாண்ட் திரும்பி வருவார்' என்ற எழுத்துக்கள் வெள்ளித் திரையில் தோன்றின! ஆறாவது பாண்டாக நடித்த டேனியல் கிரெய்க் அத்துடன் வேஷத்தைக் கலைத்துவிட்டார். அன்று முதல், "அடுத்தவர் யார்?" என்ற கேள்வி உலகத்துப் பத்திரிகைகளிலெல்லாம் அடிபடலாயிற்று.

"ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு இதில் என்ன அக்கறை?" என்று நேயர்கள் கேட்கலாம். அக்கறை இருக்கிறது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே கடைத் தெருவில் காதில் விழும் ஊர் நம்முடையது. இந்த எல்லையைச் சுற்றிலும் நம்மவர் படைத்த வேவுகாரர்களும் துப்பறிவோரும் சிலர் உண்டு. அவர்களில் அநேகமாக எல்லோரும் நடித்தவரோடேயே முடிந்து போனார்கள். சீமைக்காரருடைய வேவுகாரர் மட்டும் ஏன் சாகாமல் இருக்கிறார்? இது சிந்திக்கத் தக்க விஷயம்.

முதலில் அவர்கள் செய்ததைப் பார்ப்போம். இயான் பிளெமிங் என்ற ஆசிரியர் 1953-இல் எழுதிய நாவலில் பாண்ட் பிறந்தார். ஆல்பர்ட் பிராக்கோலி, ஹாரி ஸால்ட்ஸ்மன் என்னும் இரண்டு பட முதலாளிகள் 1962-இல் அவரைத் திரைக்குக் கொண்டு வந்தார்கள். ஷான் கானரி என்ற ஸ்காட்லாந்துக்காரர் வேஷம் தரித்தார். ஐந்து படங்களுக்குப் பிறகு அவர் விலகியபோது, இனி பாண்ட் இல்லை என்றே பலரும் எண்ணியிருக்க வேண்டும். முதலாளிகளோ, சினிமாவில் அதுவரை நடித்தே அறியாத, விளம்பரப் படங்களுக்கு நின்று பழகிய ஜார்ஜ் லேஸன்பி என்ற ஆஸ்திரேலியரை 1969-இல் நாயகனாக்கினார்கள். ஒரே படத்தோடு அவர் போய்விட்டார். 1971-இல் கானரியையே மறுபடியும் வருந்தி அழைத்து ஒரு படம் எடுத்தார்கள். பழையவரையே நம்பி எத்தனை நாள் காலம் தள்ளுவது? 1973-இல் ரோஜர் மூர் வந்தார்.

மூர் செய்த காரியம் கவனிக்கத் தக்கது. கானரியின் முரட்டுத்தனத்தை அவர் காப்பியடிக்கவில்லை. சிரிப்பும் கிண்டலுமாகத் தம் சுபாவத்திற்கு ஏற்றபடி வேஷத்தை மாற்றித் தைத்துக்கொண்டார். 1985 வரை 7 படங்கள் நடித்து, 57 வயதில் விடை பெற்றார். அடுத்தாற்போல் பியர்ஸ் பிராஸ்னன் வரவேண்டியவர். டெலிவிஷன் கம்பெனி ஒன்றுடன் செய்திருந்த ஒப்பந்தம் குறுக்கே நின்றது. அதனால் டிமதி டால்டன் இரண்டு படங்கள் நடித்தார். பிராஸ்னனுக்கு 1995-இல்தான் முறை வந்தது. அவர் பங்கு நான்கு படங்கள்.

2005-இல் கிரெய்க்கின் பெயர் வெளியானபோது கிளம்பிய கூக்குரல் கொஞ்சநஞ்சமல்ல. "மஞ்சள் தலைமயிர் உடையவன் பாண்டா? படத்தையே பார்க்க மாட்டோம்!" என்றுகூடச் சிலர் சபதம் செய்தார்கள். மறு வருஷம் படம் வெளிவந்தது, கூக்குரல் அடங்கிற்று. 2025-இல் அந்த வரிசையின் கதைப் பொறுப்பே பிராக்கோலி குடும்பத்தாரிடமிருந்து அமேஸான் கம்பெனியின் கைக்கு மாறியது. கனடா தேசத்து டெனி வில்நவ் டைரக்டராக நியமிக்கப்பட்டார். முதலாளி மாறியும், டைரக்டர் மாறியும், நடிகர் மாறியும், வேஷம் மட்டும் மாறாமல் நிற்கிறது.

இந்த வரிசையில் நம் தேசமும் ஒரு முறை தலை காட்டிற்று. 1983-ஆம் வருஷத்துப் படமாகிய 'ஆக்டோபஸி'யின் பெரும் பகுதி உதயபூரில் நடக்கிறது. சென்னைப் பட்டணத்து டென்னிஸ் வீரர் விஜய் அமிர்தராஜ் அதில் பாண்டுக்கு உதவி செய்யும் வேவுகாரராக வந்தார். தமிழர் ஒருவர் அங்கே இடம் பெற்றது சந்தோஷமான விஷயந்தான். ஆனால் கதையின் நடுவே அவர் கொல்லப்பட்டு விடுகிறார், வெற்றி சீமைக்காரருக்கே. நம் மண்ணில் நடக்கும் கதையிலும் நம்மவர் துணைக்கு நிற்பவர்தாமா என்று மனம் கேட்கத்தான் செய்கிறது. நமக்கென்று சொந்தமாக ஒரு வேவுகாரர் வேண்டாமா?

உண்மையில் நமக்கு வேவுகாரர்கள் இல்லாமல் போகவில்லை. ஜூஜுவாடியைத் தாண்டி அத்திப்பள்ளிக்குள் கால் வைத்தால் கன்னட நாடு. அங்கே 1968-இல், 'சிலந்தி வலை' என்று பொருள்படும் 'ஜேடர பலெ' என்ற படம் வெளிவந்தது. துரை - பகவான் என்ற இரட்டையர் டைரக்ட் செய்தார்கள். சி.ஐ.டி. 999 என்ற எண் பூண்ட பிரகாஷாக நடித்தவர் டாக்டர் ராஜ்குமார். அவருடைய சொந்த ஊராகிய காஜனூர், தமிழ்நாட்டு எல்லைக்குள் தாளவாடிப் பக்கத்தில் இருக்கிறது என்பதை நேயர்கள் அறிவார்கள். 'பேடர கண்ணப்பா'வில் பக்தராகத் தோன்றிப் புகழ் பெற்றவர் துப்பாக்கியும் கையுமாக வந்தபோது ஜனங்கள் ஆரவாரித்து வரவேற்றார்கள். அதே வருஷத்தில் கோவாவைக் களமாகக் கொண்டு இரண்டாவது படம், 1969-இல் மூன்றாவது, 1978-இல் 'ஆபரேஷன் டைமண்ட் ராக்கெட்' என்ற நான்காவது. கடைசிப் படத்தில் இங்கிலீஷ் வார்த்தைகளைக் கொண்ட பாட்டு ஒன்றை அவரே பாடியும் அசத்தினார்.

அத்துடன் 999 நின்றுவிட்டது. ராஜ்குமார் 2006-இல் காலமானார். ஆனால் அதற்கு 28 வருஷம் முன்னதாகவே பிரகாஷ் காலமாகிவிட்டார் என்று சொல்ல வேண்டும்! அந்த எண்ணை இன்னொருவர் மார்பில் குத்த யாருக்கும் மனம் வரவில்லை. ராஜ்குமார் மீது கன்னட மக்கள் கொண்ட பக்தி அத்தகையது. பக்தியைக் குறை சொல்ல நாம் வரவில்லை. ஆனால் பக்தி மிகுந்த இடத்தில் பாத்திரத்துக்கு ஆயுசு குறைவு என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

தமிழ்ப் பக்கத்துக்கு வருவோம். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸார் 1966-இல் 'வல்லவன் ஒருவன்' எடுத்தார்கள். ஓசூரும் கிருஷ்ணகிரியும் சேலம் ஜில்லாவிலிருந்து பிரிந்து அப்போது ஒரு வருஷந்தான் ஆகியிருந்தது. ஆகையால் அதை நம் ஜில்லாப் படம் என்றே நாம் உரிமை கொண்டாடலாம். நாயகர் ஜெய்சங்கர். 'தென்னகத்து ஜேம்ஸ் பாண்ட்' என்ற பட்டம் அவருக்கு நிலைத்துவிட்டது. 1970-இல் அதே கம்பெனியார் 'சி.ஐ.டி. சங்கர்' எடுத்தார்கள். இந்தப் பெயரைச் சற்று உற்று நோக்குங்கள். வேஷத்தின் பெயரும் சங்கர். நடிகரின் பெயரிலும் சங்கர்! சட்டையைத் தைக்கும்போதே அணிபவர் பெயரையும் அதில் பின்னிவிட்டால், பிறகு அதை வேறு யார் எடுத்து உடுத்துவார்கள்?

நம்மாலும் வேஷத்தைக் கை மாற்ற முடியும் என்பதற்கு ஓர் அத்தாட்சி உண்டு. எழுத்தாளர் சுஜாதா நமக்குப் பக்கத்தில் பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் உத்தியோகம் பார்த்தவர். அவர் படைத்த வக்கீல் கணேஷைத் தமிழ் வாசகர்கள் மறக்க முடியாது. கணேஷ் வேவுகாரர் அல்லர். ஆனாலும் துப்புத் துலக்குவதில் எந்த வேவுகாரருக்கும் இளைத்தவரல்லர். 1977-இல் 'காயத்ரி' படத்தில் ஜெய்சங்கர் கணேஷாக வந்தார். அதில் வில்லனாக நடித்தவர் ரஜினிகாந்த். மறு வருஷமே 'ப்ரியா' வந்தது. அதில் கணேஷ் யார் தெரியுமா? நேற்றைய வில்லனாகிய அதே ரஜினிகாந்த்! அவருடைய பூர்விக கிராமம் நம் கிருஷ்ணகிரி ஜில்லாவைச் சேர்ந்த நாச்சிக்குப்பம்.

கணேஷ் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போனதால் குடி முழுகிப் போய்விடவில்லை. காரணம் எளிது. கணேஷ் முதலில் புத்தகத்தில் வாழ்ந்தவர். அவருடைய பேச்சும் புத்தியும் வாசகர்களின் மனத்தில் ஏற்கெனவே உருக்கொண்டிருந்தன. ஆள் வருவதற்கு முன்பே வேஷம் இருந்தது. பாண்டின் விஷயமும் இதுவேதான்.

இதே சுஜாதாவின் எழுத்தில் 1986-இல் கமலஹாசன் 'விக்ரம்' என்ற ரகசிய ஏஜெண்டாக நடித்தார். அந்தப் பெயர் மறுபடியும் உயிர் பெற 36 வருஷம் ஆயிற்று. 2022-இல் லோகேஷ் கனகராஜ் எடுத்த படத்தில், 67 வயதில் கமலஹாசனே ஏஜெண்ட் விக்ரமாக மீண்டும் வந்து வெற்றிக் கொடி நாட்டினார். அவருடைய திறமைக்கு நாம் தலை வணங்குகிறோம். ஆயினும் நடுவில் கழிந்த 36 வருஷத்தில் இங்கிலீஷ்காரர் மூன்று பாண்டுகளைக் கண்டுவிட்டார் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

வேஷத்தைக் கை மாற்றும் வித்தை சீமையிலிருந்து வரவேண்டியதில்லை. நம் ஜில்லாவிலும் பக்கத்துத் தர்மபுரியிலும் திரௌபதி அம்மன் கோவில்களில் பாரதம் நடக்கும்போது போய்ப் பாருங்கள். பகலில் கதை, இரவு விடிய விடியக் கூத்து. துரியோதனனாக இந்த வருஷம் ஒருவர் வருவார். அடுத்த வருஷம் வேறொரு ஜமாவிலிருந்து வேறொருவர் வருவார். "பழைய துரியோதனன்தான் வேண்டும்" என்று எந்த ஊராராவது கூத்தை நிறுத்தியதுண்டா? கட்டியங்காரன் வருகையை அறிவிக்கிறான், திரை பிடிக்கிறார்கள், திரைக்குப் பின்னாலிருந்து பாட்டு எழும்புகிறது, கிரீடமும் புஜகீர்த்தியும் மின்ன ஆள் வெளிப்படுகிறார். அந்தக் கணமே அவர் துரியோதனன். கடைசி நாளில் படுகளத்தில் மண்ணால் செய்த துரியோதனன் விழுகிறான். மறு பாரதத்தில் எழுந்து வருகிறான்.

பாண்டின் படங்களை இந்தக் கண்கொண்டு பார்த்தால் ரகசியம் வெளிப்பட்டுவிடும். படம் ஆரம்பிக்கும்போது துப்பாக்கிக் குழாய்க்குள்ளிருந்து பார்ப்பது போன்ற அந்த வட்டம், மான்டி நார்மன் பெயரில் வழங்கும் அந்தச் சங்கீதம், 007 என்ற எண், தம் பெயரைத் தாமே அறிவித்துக்கொள்ளும் தோரணை - இவையெல்லாம் என்ன? கிரீடமும் புஜகீர்த்தியும் திரைப் பாட்டுந்தான்! இவற்றை முன்னிட்டு யார் வந்தாலும் ஜனங்கள் கொஞ்ச நேரத்தில் ஏற்றுக்கொள்கிறார்கள்.

'கொஞ்ச நேரத்தில்' என்றுதான் சொன்னோம். உடனே அல்ல. வாத்தியார் மாறினால் வகுப்பு முதல் மாதம் முழுவதும் பழையவரையே நினைத்துப் பெருமூச்சு விடும். இது நாம் பள்ளிக்கூடத்தில் அன்றாடம் காண்பது. புதியவர் பழையவரைப் போலப் பேச முயன்றால் பிள்ளைகள் சிரிப்பார்கள். தம் வழியில் பாடத்தை நன்றாகச் சொன்னால் இரண்டாம் மாதம் அவர் பக்கம் சாய்வார்கள். பாடம் அதேதான், சொல்லும் குரல் மட்டும் வேறு. மூருக்கும் கிரெய்க்குக்கும் நடந்தது இதுவே.

இதனால் யாருக்கு என்ன லாபம் என்று கேட்கலாம். நம் நாட்டில் நன்றாக நடிக்கத் தெரிந்த வாலிபர்களுக்குக் குறைவில்லை. கூத்து மேடையிலும் கல்லூரி நாடகத்திலும் அவர்களைக் காண்கிறோம். ஆனால் பெரிய வேஷங்களெல்லாம் பெரிய ஆட்களின் பெட்டியில் பூட்டிக் கிடக்கின்றன. ஆள் ஓய்ந்தால் வேஷமும் ஓய்கிறது; வேஷம் ஓய்ந்தால் அதைச் சுற்றிப் பிறந்திருக்க வேண்டிய நூறு கதைகளும் பிறக்காமலே போகின்றன. ஓசூர் சிப்காட்டில் ஷிப்டு மாறுவதற்காக யாரும் யந்திரத்தை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போவதில்லை. வேலை நடக்க வேண்டுமானால் கருவி பொதுவில் இருக்க வேண்டும்.

பட முதலாளிகளுக்கு நாம் சொல்லக்கூடியது இதுதான். நம் தேசத்து வேவுகாரர் ஒருவரைப் படையுங்கள். எந்த நட்சத்திரத்தின் பெயரையும் அவருக்குச் சூட்டாதீர்கள். நல்ல எழுத்தாளரிடம் கொடுத்து முதலில் கதையாக எழுதச் செய்யுங்கள். அவருக்கென்று ஓர் எண்ணும், ஒரு பாட்டும், ஒரு பேச்சும் இருக்கட்டும். பத்து வருஷம் கழித்து அந்தக் கிரீடத்தை இன்னொரு தலையில் வைக்கத் தைரியம் கொள்ளுங்கள்.

இதில் பாதிப் பொறுப்பு ரசிகர்களாகிய நம்முடையது. புது ஆள் வந்த அன்றே, "அவரைப் போல வருமா?" என்று கொட்டகையை விட்டு எழுந்து வந்துவிட்டால் எந்த முதலாளிதான் துணிவார்? கூத்தில் புதிய துரியோதனனுக்கு விடியும் வரை அவகாசம் கொடுப்பவர்கள் நாம். அந்தப் பொறுமையில் கால் பங்கையாவது சினிமாக் கொட்டகைக்கும் கொண்டு போனால், நம்முடைய 999-களும் சங்கர்களும் விக்ரம்களும் நம் பேரப் பிள்ளைகள் காலத்திலும் துப்புத் துலக்கிக்கொண்டிருப்பார்கள்.