வினையடைக்கு எந்த இடம்?

ஆங்கில வினையடை என்றதும் நம் பிள்ளைகள் ஒப்பிக்கும் விதி ஒன்றுதான்: பெயரடையோடு ‘லி’ சேர்க்க வேண்டும். ‘க்விக்’, ‘க்விக்லி’ ஆகும். பெரும்பாலும் சரிதான். ஆனால் அதையே நம்பிப் போகிறவர் ‘ஹார்ட்’ வந்ததும் வழுக்கி விழுவார். ‘ஹீ ஒர்க்ஸ் ஹார்ட்’ என்றால் கடுமையாக உழைக்கிறான். ‘ஹீ ஹார்ட்லி ஒர்க்ஸ்’ என்றால் வேலையே செய்வதில்லை என்கிற அளவுக்குப் பொருள் தலைகீழாகிவிடும். பரிந்துரைக் கடிதத்தில் இப்படி எழுதினால் ஒருவருடைய வேலைக்கே உலை வைத்ததாகும்.

‘ஹார்ட்’ இப்படி ‘லி’ இல்லாமலே வினையடையாக நிற்பதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. பழைய ஆங்கிலத்தில் வினையடைக்கு இரண்டு விகுதிகள் இருந்தன. ஒன்று வெறும் ‘எ’, மற்றது ‘லீச்செ’. காலப்போக்கில் சொல்லிறுதி ‘எ’ தேய்ந்து மறைந்தது. அதனால்தான் ‘ஹார்ட்’, ‘ஃபாஸ்ட்’ போன்றவற்றில் பெயரடைக்கும் வினையடைக்கும் ஒரே உருவம். ‘லீச்செ’ சுருங்கி இன்றைய ‘லி’ ஆயிற்று. ‘ஃபாஸ்ட்லி’ என்று எழுதும் பிள்ளையைத் திட்டுவதைவிட இந்தக் கதையைச் சொல்லலாம், மனதில் நிற்கும்.

உருவத்தைவிட முக்கியம், நிற்கும் இடம். தமிழில் வினைமுற்று பெரும்பாலும் கடைசியில் வருவதால் வினையடை அதற்கு முன்னால் வந்துவிடும். ஆங்கிலத்தில் வினை நடுவில் இருக்கிறது; வினையடை முன்னும் வரலாம், பின்னும் வரலாம். இடம் மாறினால் பொருளும் மாறக்கூடும். ‘ஹீ ஆன்ஸர்டு த கொஸ்டின் ஃபூலிஷ்லி’ என்றால் அவன் சொன்ன பதில் அசட்டுத்தனமானது. ‘ஃபூலிஷ்லி, ஹீ ஆன்ஸர்டு த கொஸ்டின்’ என்றால் பதில் சரியாகவே இருந்திருக்கலாம். வாயைத் திறந்ததுதான் அசட்டுத்தனம். முதலில் நிற்கும் இத்தகைய வினையடை, செயல் நடந்த விதத்தை விட்டுவிட்டு, பேசுகிறவரின் மதிப்பீட்டைச் சொல்லத் தொடங்கிவிடுகிறது.

‘ஹோப்ஃபுலி’ அப்படி முதலில் நிற்கலாமா என்று அமெரிக்காவில் பல பத்தாண்டுகள் வாக்குவாதம் நடந்தது. அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்தின் நடைக் கையேடு 2012-இல்தான் அதை ஏற்றுக்கொண்டது. ‘ஃபிராங்க்லி’யை அதே இடத்தில் ஏற்றுக்கொண்டவர்கள் இதை மட்டும் எதிர்த்ததில் எனக்கு நியாயம் தெரியவில்லை.

வினைக்கும் செயப்படுபொருளுக்கும் நடுவே மட்டும் வினையடையை வைக்கக் கூடாது. ‘ஷீ ஸ்பீக்ஸ் வெல் இங்கிலீஷ்’ தவறு. ‘ஷீ ஸ்பீக்ஸ் இங்கிலீஷ் வெல்’ சரி. செயப்படுபொருள் மிக நீண்ட தொடராக இருந்தால் இந்த விதியும் கொஞ்சம் தளரும்.