ஊசி முனையில் இரக்கம்

அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரி 1954-ஆம் வருஷம் ஜூன் 18-ஆம் தேதி பன்னிரண்டு படுக்கைகளோடு ஆரம்பமாயிற்று. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் விடாமுயற்சியே அதற்கு அஸ்திவாரம். ஏழைக்கும் உயர்ந்த சிகிச்சை கிட்ட வேண்டுமென்பது அந்த ஸ்தாபனத்தின் நோக்கம். தேசத்திலுள்ள ஆஸ்பத்திரிகள் யாவும் அந்நோக்கத்தை ஊசி முனை வரையில் கொண்டு செல்ல வேண்டுமென்பதே நமது வாதம்.

இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைக்குச் சிகிச்சை இரண்டு மூன்று வருஷங்கள் நீடிப்பதுண்டு. கையிலும் முதுகெலும்பினிடையிலும் எத்தனையோ தடவை ஊசி ஏற்ற வேண்டும். உயிரைக் காக்கும் காரியத்தில் சிறிது வலித்தால்தான் என்ன என்று கேட்பவர் உண்டு. முதல் ஊசியில் மிரண்ட குழந்தை அடுத்த ஊசியை நினைத்த மாத்திரத்திலேயே நடுங்குகிறது. பலருக்கு அந்த அச்சம் வளர்ந்த பின்பும் தீர்வதில்லை. அதனால் அவர்கள் சிகிச்சையையே ஒத்திப் போடுகிறார்கள். ஆகவே வலியைக் குறைப்பது சலுகையன்று. சிகிச்சையின் ஓர் அங்கம்.

வழிகள் இல்லாமலில்லை. தடுப்பூசியின் வலியைக் குறைக்க 2015-ஆம் வருஷம் உலக சுகாதார ஸ்தாபனம் சில யோசனைகளை வெளியிட்டது. சிசுவைப் படுக்கையில் கிடத்தி அமுக்காமல், தாய் தன் மடியில் அணைத்துக்கொள்ள வேண்டும். அப்போதோ சற்று முன்போ பாலூட்டலாம். தசையில் தடுப்பூசி போடுகையில் இரத்தம் வருகிறதா என்று பின்னுக்கு இழுத்துப் பார்ப்பது அநாவசியம். அதனால் வலியே மிகும். ஒரே வேளையில் பல ஊசிகள் போட நேர்ந்தால் அதிகம் வலிப்பதைக் கடைசியில் போட வேண்டும். இவற்றோடு, தடவிய ஸ்பிரிட் உலர்ந்த பிறகு குத்துவதும், தசையைத் தளர்த்தச் சொல்வதும் எரிச்சலையும் வலியையும் தணிக்கும். இவற்றுள் எதற்கேனும் காலணா செலவுண்டா?

தோலை மரக்கச் செய்யும் களிம்புக்குச் செலவுண்டு. தடவிச் சுமார் ஒரு மணி நேரம் காத்திருக்கவும் வேண்டும். ஊர்தோறும் லக்ஷக்கணக்கானோருக்கு நடக்கும் தடுப்பூசி வேலைக்கு அது ஏற்றதன்று என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆயினும், ஓயாமல் ஊசிக்கு ஆளாகும் நோயாளிக் குழந்தைக்கு அச்செலவை மிச்சம் பிடிப்பது சிக்கனமாகாது.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. “அழுதால் டாக்டர் ஊசி போட்டுவிடுவார்” என்று நம் வீடுகளில் குழந்தையை மிரட்டுகிறோம். வைத்தியரைப் பூச்சாண்டியாக்கிவிட்டு, பிறகு அவரிடமே தூக்கிச் செல்கிறோம். “வலிக்கவே வலிக்காது” என்ற பொய்யும் அவ்வாறே தீங்கானது. ஒருமுறை ஏமாந்த குழந்தை மறுமுறை நம்பாது. உள்ளதைச் சாந்தமாகச் சொல்லி, கதையிலோ விளையாட்டிலோ அதன் கவனத்தைத் திருப்புங்கள்.

சர்க்கார் ஆஸ்பத்திரியில் வரிசையில் நிற்கும் கூலிக்காரன் மகனுக்கும் தோல் ஒன்றுதான், வலியும் ஒன்றுதான். கூட்டம் அதிகம் என்பது அவசரத்துக்குச் சமாதானமாகலாம், அலட்சியத்துக்கு ஆகாது. ஊசி பிடிக்கும் ஒவ்வொரு கையும் குத்துமுன் அரை நிமிஷம் பொறுக்கட்டும்.