ரேடியேட்டர் தண்ணி எங்கே போகுது?

எங்க மாமா ஒரு பழைய டாக்ஸி ஓட்டுகிறார். தினமும் காலையில் ரேடியேட்டருக்குத் தண்ணி ஊத்துவார். "பழைய வண்டின்னா தண்ணி குடிக்கத்தான் செய்யும்" என்று பலர் சொல்வார்கள். அது தவறு. தண்ணி குறைந்தால் எங்கோ ஒரு வழியில் போகிறது என்று அர்த்தம். அதைக் கண்டுபிடிப்பது எப்படி?

1. அட்டை சோதனை: ராத்திரி என்ஜினுக்கு அடியில் ஒரு காய்ந்த அட்டையை விரித்து வையுங்கள். காலையில் ஈரம் இருந்தால், அதற்கு நேர் மேலே பாருங்கள். ஹோஸ், கிளிப், ரேடியேட்டர், வாட்டர் பம்ப் இவைதான் வழக்கமாக ஒழுகும் இடங்கள். மாமா வண்டியில் வாட்டர் பம்ப்தான் ஒழுகியது. அதை மாற்றியதும் தண்ணி குறையவில்லை.

2. மூடி: நம்ம குக்கர் போலத்தான். அழுத்தம் இருந்தால் தண்ணி 100 டிகிரி தாண்டியும் கொதிக்காது. மூடியின் ரப்பர் வாஷர் கெட்டுப்போனால் அழுத்தம் நிற்காது, தண்ணி சீக்கிரம் கொதித்து வெளியே போய்விடும்.

3. உள்கசிவு: அட்டை காய்ந்தே இருந்து, தண்ணி மட்டும் குறைகிறதா? ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம். என்ஜின் நன்றாகச் சூடான பிறகும் சைலன்சரில் வெள்ளைப் புகை வரும். ஆயில் பால் டீ நிறத்துக்கு மாறலாம். அப்படி இருந்தால் வண்டியை ஓட்டவே கூடாது. தண்ணி கலந்த ஆயில் பேரிங்கைத் தேய்த்துவிடும், என்ஜினே போய்விடும்!

எச்சரிக்கை: என்ஜின் சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே திறக்காதீங்க. கொதிநீர் பீய்ச்சி அடித்து முகம், கை வெந்துவிடும். நன்றாக ஆறிய பிறகு, பெரியவர்களை வைத்துக்கொண்டு திறங்கள். கூலன்ட் விஷம், நாய், பூனை நக்கிவிடலாம். கீழே சிந்தினால் உடனே துடைத்துவிடுங்கள்.

உங்க வீட்டு வண்டியிலும் இன்று ராத்திரி அட்டை வைத்துப் பாருங்களேன்!