"அவன் ஒண்ணும் பண்ணலை, சித்தி!"

சிமெண்ட் ஆலைக்குப் பேர் போன எங்கள் ஆலங்குளத்திலிருந்து என் அக்கா மகள் தினமும் பஸ் ஏறி ராஜபாளையத்துக்குப் படிக்கப் போகிறாள். ஒரு மாதமாகவே டிபன் பாக்ஸ் அப்படியே திரும்பி வந்துகொண்டிருந்தது. கேட்டால் தலைவலி என்பாள். ஒருநாள் பூத் தொடுக்கும்போது மெல்ல வாயைத் திறந்தாள்.

"பஸ் ஸ்டாப்புல தினமும் ஒருத்தன் நிக்கிறான், சித்தி. நான் எங்க உக்காந்தாலும் எனக்குப் பின் சீட்டுதான். நேத்து என் பிறந்த நாளுக்கு வாழ்த்து சொன்னான். அவனுக்கு யார் சொன்னதுன்னே தெரியலை. அவன் ஒண்ணும் பண்ணலை, ஆனா உடம்பெல்லாம் கூசுது."

"ஒண்ணும் பண்ணலைன்னா விடேன்" என்று சொல்லிவிட்டேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. என் கன்னிப் பருவத்தில் அம்மா எனக்குச் சொன்னதும் இதே பதில்தான்!

கையைப் பிடித்து இழுத்தால் கத்தலாம், செருப்பைக் கழற்றலாம். இவனை என்னவென்று சொல்லிக் கத்துவது? அமெரிக்க மனோதத்துவ அறிஞர் ஃபிராங்க் மெக்ஆண்ட்ரூவும் அவர் சகாவும் 1,341 பேரிடம் விசாரித்து 2016-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். எதிரே இருப்பவனால் ஆபத்து உண்டா, இல்லையா என்று புரியாத குழப்பத்தில்தான் இந்தக் கூச்சமும் நடுக்கமும் பிறக்கின்றன என்கிறார்கள். நம் சினிமாவிலோ கதாநாயகன் இதையே செய்தால் டூயட் வந்துவிடும்!

1998-ல் சென்னை எத்திராஜ் கல்லூரி மாணவி சரிகா ஷா ஈவ்டீசிங்கால் உயிரிழந்த பிறகே நம் மாநிலத்தில் அதற்கெனத் தனிச் சட்டம் வந்தது. பின்தொடர்வதே தனிக் குற்றமானது 2013-ல். இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆம் பிரிவில் அது இருக்கிறது. இஷ்டமில்லை என்று பெண் தெளிவாகக் காட்டிய பிறகும் ஒருவன் திரும்பத் திரும்பப் பின்னால் வந்து பழக முயன்றால், முதல் முறையே 3 ஆண்டு வரை சிறை உண்டு.

மறுநாள் நானும் கூடப் போனேன். "எனக்கு இஷ்டமில்லை, பின்னாடி வராதீங்க" என்று பஸ்ஸில் நாலு பேர் கேட்கச் சொன்னாள். அவன் சிரித்தான். அடுத்த நாளும் வந்து நின்றான். தேதி, நேரம், பஸ் எல்லாவற்றையும் நோட்டில் குறித்துக்கொண்டு, பெண்கள் உதவி எண் 181-க்குப் போன் செய்து வழி கேட்டோம்.

இதற்குள் அக்கா, "படிச்சது போதும், நிறுத்திடலாம்" என்று ஆரம்பித்துவிட்டாள். இந்த ஒரு வார்த்தைக்குப் பயந்துதானே பெண்பிள்ளைகள் நம்மிடம் எதையும் சொல்வதில்லை! அத்தானை உட்கார வைத்து ராத்திரி பதினொரு மணி வரை பேசினேன். "அவ போகட்டும், காலையில நான் வந்து பஸ் ஏத்திவிடறேன்" என்றார் கடைசியில்.

நோட்டுடன் நாங்கள் ஸ்டேஷன் படியேறி ஒரு வாரம் ஆகிறது. நேற்று டிபன் பாக்ஸ் காலியாக வந்தது.